குறியறிந்து கொடுக்கும் மருந்து: கலச் சமிக்ஞைப் புரதங்களும் நம் புற்றுநோயாளரும்

மயிலிட்டியில் ஒருகாலத்தில் காசநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை இருந்தது. நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே காசத்துக்கு மருந்து என்று உலகம் நம்பிய காலத்தின் வழிவந்த வைத்தியசாலைகளில் அதுவும் ஒன்று. அந்த நம்பிக்கையை மாற்றிய ஆய்வு பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்தபடி மருந்து எடுத்தவர்களையும் வைத்தியசாலையில் தங்கி எடுத்தவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவு 1959இல் வெளிவந்தது. சரியான மருந்துகளைச் சேர்த்துத் தவறாமல் எடுத்தால் ஏழையின் வீட்டிலும் நோய் மாறும் என்பது அதில் தெளிவாயிற்று. கிருமியைக் குறிவைக்கும் மருந்து வந்ததும் சிகிச்சை நடக்கும் இடம், அதன் செலவு, நோயாளியின் வாழ்க்கை எல்லாமே மாறின.

இன்று அதே வலிகாமம் வடக்கில், மயிலிட்டியிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை இயங்குகிறது. 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து நிதி திரட்டிய ‘ட்ரெயில்’ நடைபயணத்தின் பயனாக எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது அது. 1990இல் இடம்பெயர்ந்து, 2017 யூலையில் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின்னர் ஊர் திரும்பத் தொடங்கிய மயிலிட்டி மக்களுக்கு அருகிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையும் அதுவே.

காசத்தில் நடந்த மாற்றம் புற்றுநோயிலும் நடக்கிறதா? கடந்த கால் நூற்றாண்டாகப் புற்றுநோய் மருத்துவம் பெரிதும் பேசுவது கலச் சமிக்ஞைப் புரதங்களைக் குறிவைக்கும் மருந்துகளைப் பற்றித்தான். அவற்றில் எவை உயிரை நீட்டின, எவை எதிர்பார்ப்போடு நின்றன, வடபுலத்து நோயாளிக்கு எவை உண்மையில் எட்டும் என்ற கேள்விகளை இக்கட்டுரை ஒவ்வொன்றாக ஆராய்கிறது.

சமிக்ஞை எவ்வாறு செல்கிறது

நம் உடலின் கலம் எதுவும் தானாகப் பிரிவதில்லை. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதத்தில் ஒட்டுகிறது. வாங்கியின் உட்பகுதி விழித்துக்கொள்கிறது. அது அடுத்த புரதத்தைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்டுகிறது. இப்படிக் கைமாறிச் செல்லும் கட்டளை கருவை அடைந்ததும், பிரிவதற்கான மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. இந்தக் கைமாற்றத்தில் பெரும்பங்கு வகிப்பவை கைனேஸ் எனப்படும் நொதியங்கள். ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தை இன்னொரு புரதத்தில் ஏற்றி அதைச் செயற்படவைப்பதே அவற்றின் தொழில். மனித உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேசுகள் உண்டு.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு புரதமும் மீண்டும் அணைந்துவிட வேண்டும். மரபணுவில் ஏற்படும் ஒரு சிறு விகாரம் அந்த அணைதலைத் தடுத்துவிடலாம். அணைக்க முடியாமல் இறுகிப்போன சுவிட்ச் போல, அந்தப் புரதம் வெளியிலிருந்து கட்டளை வராமலே ‘பிரி, பிரி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். புற்றுநோய்கள் பலவற்றின் அடிப்படை இதுதான்.

இந்த அறிவு மெல்ல மெல்லவே சேர்ந்தது. கோழிகளில் கட்டியை உண்டாக்கும் வைரசை பெய்ற்றன் ரூஸ் 1911இல் அறிவித்தார். அதற்கான நோபல் பரிசு 1966இல்தான் அவரை வந்தடைந்தது. அந்த வைரசின் புற்று மரபணு உண்மையில் ஆரோக்கியமான கோழியிடமிருந்தே எடுக்கப்பட்டது என்பதை மைக்கல் பிஷப்பும் ஹரல்ட் வாமசும் 1976இல் காட்டினர். புற்றுநோயின் விதை நம் சொந்த மரபணுக்களிலேயே இருக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பே பின்வந்த எல்லா ஆய்வுக்கும் வாசலைத் திறந்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதம் ஒரு கைனேஸ் என்பதும் விரைவில் தெரியவந்தது. கைனேஸ்தான் கட்டளையிடுகிறது என்றால், அதன் வாயை அடைக்கும் ஒரு மூலக்கூறு புற்றை நிறுத்த வேண்டும். மருந்து தேடியவர்கள் தொடங்கிய இடம் இது.

ஆதாரம் உறுதியான வெற்றிகள்

இவ்வகை மருந்துகளில் மூத்தது பலர் நினைப்பதுபோல் விலையுயர்ந்த ஊசி அல்ல. தமொக்சிபென் என்ற சாதாரணக் குளிசை. ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் கலத்தின் உள்ளிருக்கும் ஒரு வாங்கியில் ஒட்டி மார்பகக் கலங்களைப் பெருகச் செய்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏழு அளவில் இந்த வாங்கி காணப்படுகிறது. 1970களிலேயே பயன்பாட்டுக்கு வந்த தமொக்சிபென் அந்த வாங்கியில் இடம்பிடித்து ஓமோனை விலக்குகிறது. வாங்கி உள்ள பெண்கள் ஐந்தாண்டு இதை எடுத்தால், பதினைந்து ஆண்டுக் காலத்தில் மார்பகப் புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வாங்கி இல்லாதவர்களுக்கு இதனால் பயனில்லை. குறிவைத்த சிகிச்சையின் முழுப் பாடமும் இந்த மலிவான குளிசையிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாவது வெற்றி, நாட்பட்ட மைலோயிட் வெண்குருதிப் புற்றுநோயில் கிடைத்தது. இந்நோயாளரின் குருதியில் வழக்கத்துக்கு மாறான ஒரு சிறிய நிறமூர்த்தம் இருப்பதை 1960இல் பிலடெல்பியாவில் நவலும் ஹங்கர்போர்டும் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அது உருவாகிறது என்பதை 1973இல் ஜனற் ரவ்லி காட்டினார். அந்த இணைப்பில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸ் ஓயாது வேலை செய்கிறது. அதன் செயலிடத்தில் புகுந்து அடைக்கும் இமற்றினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்னர் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த இந்நோயில், இமற்றினிப்புடன் சிகிச்சை தொடங்கியவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பத்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர். வீட்டிலிருந்து எடுக்கும் ஒரு குளிசை ஒரு கொடிய நோயை நீரிழிவு போல் கட்டுப்படுத்தக்கூடிய நோயாக்கிவிட்டது.

மூன்றாவது, ஹெர்2. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதமானவற்றில் இந்த வாங்கிப் புரதம் அளவுமீறிப் பெருகியிருக்கும். அத்தகைய நோய் விரைந்து பரவும் என்பதை டெனிஸ் சிலேமன் 1987இல் எடுத்துக்காட்டினார். அந்த வாங்கியைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியான ட்ரஸ்ருசுமப் 1998இல் வந்தது. தொடக்க நிலை நோயில் சத்திரசிகிச்சைக்குப் பின் இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சிலருக்கு இதயத்தின் இயக்கத்தை இது பலவீனப்படுத்துவதால், சிகிச்சைக் காலத்தில் இதயத்தை இடையிடையே ஸ்கான் செய்து பார்க்க வேண்டும்.

நுரையீரல் சொன்ன பாடம்

நுரையீரல் புற்றுநோயின் கதை சற்று வேறானது. மேற்தோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கியான ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் ஜெபிற்றினிப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும்பாலோருக்கு அது பயன்தரவில்லை. ஆனால் புகைபிடிக்காத பெண்கள், ஆசிய நாட்டவர் ஆகியோரில் சிலருக்குக் கட்டிகள் வியக்கும் வேகத்தில் கரைந்தன. காரணம் 2004இல் தெரியவந்தது. அவர்களின் கட்டிகளில் அந்த வாங்கியின் மரபணுவே விகாரமடைந்திருந்தது.

2009இல் வெளிவந்த ஐபாஸ் ஆய்வு இதைத் திட்டவட்டமாக நிறுவியது. கிழக்காசியாவில் 1,217 நோயாளரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், விகாரம் உள்ளவர்களுக்கு ஜெபிற்றினிப், கீமோ எனப்படும் வழக்கமான மருந்துச் சிகிச்சையை விடச் சிறந்தது. விகாரம் இல்லாதவர்களிலோ அதே மருந்து கீமோவை விட மிக மோசமாகத் தோற்றது. அதாவது, பரிசோதிக்காமல் கொடுக்கும் ‘நவீன மருந்து’ நோயாளிக்குத் தீங்கு செய்யும். காசையும் காலத்தையும் இழப்பதோடு, பயன்தரக்கூடிய பழைய சிகிச்சையையும் அவர் இழந்துவிடுகிறார். இந்த உண்மையை நம் வைத்தியர்களும் நோயாளரின் குடும்பத்தாரும் ஒருங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

எதிர்ப்பு என்னும் பழைய பகை

குறிவைத்த மருந்துகளின் பெரிய குறை, அவற்றில் பல சில காலமே வேலை செய்வது. ஜெபிற்றினிப் பெற்றவர்களில் நோய் பெரும்பாலும் ஓராண்டளவில் மீண்டும் தலைதூக்கியது. வாங்கியில் இரண்டாவது விகாரம் தோன்றி மருந்தை நுழையவிடாமல் செய்வதை 2005இல் கண்டனர். அதையும் வெல்லும் ஒசிமேற்றினிப் 2015இல் வந்தது. பின்னர் அதற்கும் வழிவிடாத மூன்றாவது விகாரம் தோன்றியது.

சில வேளை கலம் பக்கவழியொன்றைப் பிடித்துக்கொள்ளும். பிராஃப் என்ற கைனேசில் வரும் ஒரு குறிப்பிட்ட விகாரம் தோலின் மெலனோமாவிலும் பெருங்குடற் புற்றிலும் காணப்படுகிறது. அதை அடைக்கும் வெமுராஃபெனிப் மெலனோமாவில் பாதிப்பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. பெருங்குடலில் அதே விகாரம் இருந்தும் மருந்து தோற்றது. பிராஃபை அடைத்ததும் பெருங்குடற் கலம் ஈஜிஎஃப்ஆரைத் தூண்டி வேறு வழியால் கட்டளையை அனுப்பியது என்பது 2012இல் வெளிப்பட்டது. இரண்டையும் ஒருசேர அடைத்தபோதே பலன் கிடைத்தது. ஒரே புரதமாயினும், அது எந்த உறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து சிகிச்சையும் மாறவேண்டியிருக்கிறது.

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் விகாரமடைந்திருக்கும் ராஸ் புரதங்களை மருந்தால் தொடவே முடியாது என்று மூன்று பதிற்றாண்டுகள் நம்பினர். அவற்றின் மேற்பரப்பில் மருந்து பற்றிக்கொள்ள வசதியான குழி தென்படவில்லை. கெவன் ஷோகற்றின் குழு 2013இல் ராஸ் புரதங்களுள் ஒன்றான கேராஸின் ஒரு விகார வடிவத்தில் அத்தகைய குழியைக் கண்டது. அதில் பற்றிக்கொள்ளும் சொற்றராசிப் 2021இல் அனுமதி பெற்றது. இது அறிவியலுக்குப் பெரும் வெற்றி. ஆயினும் 2023இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பழைய கீமோ மருந்தான டோசிற்றக்சலை விட அது நோயாளரின் ஆயுளை நீட்டவில்லை. நோய் முற்றுவதை ஒரு மாதமளவே பிற்போட்டது. ஒரு புரதத்தை அடைத்துவிடுவதும் நோயாளியை வாழவைப்பதும் ஒன்றல்ல.

ஒற்றை மருந்துக்கு எதிர்ப்புத் தோன்றும் என்பதைக் காசநோய் முன்னரே கற்பித்தது. 1948இல் வெளியான ஆய்வில் ஸ்ட்ரெப்ரோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளர் தேறினர். பின் கிருமி எதிர்ப்புப் பெற்று நோய் மீண்டது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதே அது அடங்கியது. புற்றுநோயும் இன்று அதே திசையில் செல்கிறது. ஆனால் கூட்டு மருந்துகளின் விலையும் பக்கவிளைவும் கூடுகின்றன. புற்றுக்கலம் நம் சொந்தக் கலம் என்பதால் அதைத் தாக்கும் மருந்து நல்ல கலங்களையும் ஓரளவு தொடும்.

நம் ஊர் நோய்: வாய்ப் புற்று

இலங்கை ஆண்களிடையே முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை அதன் முதன்மைக் காரணிகள். யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை சென்று விற்ற பொருள். நம் பொருளாதாரத்திலும் பழக்கவழக்கத்திலும் ஆழ வேரூன்றியது. புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் உறுதிப்படுத்தி வெளியிட்டது. ‘வெறும் வெற்றிலைதானே’ என்ற சமாதானம் செல்லாது.

இந்நோயில் சமிக்ஞை மருந்துகள் தந்த பலன் அளவானதே. வாய்ப் புற்றில் ஈஜிஎஃப்ஆர் பெரும்பாலும் மிகுந்திருக்கும். ஆனால் நுரையீரலில் போல் அது விகாரமடைவது அரிது. ஆகவே குளிசைகள் தனித்து அதிகம் சாதிக்கவில்லை. செற்றுக்சிமப் என்ற பிறபொருளெதிரியைக் கீமோவுடன் சேர்த்தபோது, பரவிய நோயில் சராசரி ஆயுள் 7.4 மாதத்திலிருந்து 10.1 மாதமாகியது. மும்பையில் 1991இல் நடந்த ஆய்வொன்று, புகையிலை மெல்வோரின் வாய்ப் புற்றுகளில் மூன்றிலொரு பங்கில் ராஸ் புரதங்களுள் இன்னொன்றான எச்ராஸின் விகாரம் இருப்பதைக் கண்டது. மேற்கு நாட்டு நோயாளரிடம் இது குறைவு. அவ்விகாரத்தைக் குறிவைக்கும் மருந்துகள் சிலருக்குக் கட்டியைச் சுருக்கினாலும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நம் பிரதேசத்து நோய்க்கு நம் பிரதேசத்திலேயே ஆய்வு நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அப்படி நடந்த ஆய்வு ஒன்று மிகுந்த நம்பிக்கை தருகிறது. நோயெதிர்ப்புக் கலத்தின் மேலுள்ள பிடி-1 என்ற புரதம் ‘தாக்காதே’ என்ற சமிக்ஞையைக் கடத்துவது. அதைத் தடுக்கும் நிவோலுமப் மிக விலையுயர்ந்த ஊசி. வழக்கமான அளவு 240 மில்லிகிராம். மும்பை ராற்றா நினைவு வைத்தியசாலையின் வைத்தியர்கள் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கான 20 மில்லிகிராமை, மெதோற்றிரெக்சேற், செலிகொக்சிப், எர்லோற்றினிப் ஆகிய மலிவான குளிசைகளுடன் சேர்த்து, தலை கழுத்துப் புற்று முற்றியவர்களுக்குக் கொடுத்தனர். ஓராண்டு வாழ்ந்தோர் விகிதம், குளிசைகள் மட்டும் பெற்றவர்களில் 16.3 சதவீதம், குறைந்த அளவு ஊசியும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். நிறுவனங்கள் குறிக்கும் அளவே இறுதியானது அல்ல, ஏழை நாட்டு வைத்தியர் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களே கேட்டு விடைகாண முடியும் என்பதற்கு இது அரிய எடுத்துக்காட்டு.

ஆயினும் வாய்ப் புற்றில் மிகப் பெரிய பலன் தருவது முன்கூட்டிக் கண்டறிவதே. அடிப்படைச் சுகாதாரப் பணியாளரே வாயைப் பார்த்து ஆரம்ப மாற்றங்களை அடையாளம் காண முடியும் என்பதை சமன் வர்ணகுலசூரியவும் துணைவரும் 1980களில் இலங்கையிலேயே நிறுவினர். திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் குழு நடத்திய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கமானவர்களிடையே இத்தகைய பரிசோதனை வாய்ப் புற்று இறப்பை மூன்றிலொரு பங்கு குறைத்தது. எந்தச் சமிக்ஞை மருந்தும் வாய்ப் புற்றில் இதுவரை இதற்கு நிகரான பலனைத் தரவில்லை.

மஞ்சளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுகூடக் குடுவையில் பல சமிக்ஞைப் புரதங்களைத் தடுக்கிறது. ஆனால் உண்ணும்போது அது குருதியில் மிகக் குறைவாகவே சேர்கிறது. புற்றுநோயாளியின் ஆயுளை அது நீட்டுவதாக நம்பத்தக்க ஆய்வு எதுவும் காட்டவில்லை. கறிக்கு மஞ்சள் நல்லது. அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து.

விலை எழுதும் தீர்ப்பு

இம்மருந்துகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு முக்கிய இடமுண்டு. இமற்றினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி, அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 சனவரியில் அதை நிராகரித்தது. பழைய மருந்தின் சிறு மாற்றத்துக்கு, சிகிச்சைப் பயன் கூடினாலொழியக் காப்புரிமை இல்லை என்ற சட்டப்பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிசின் கோரிக்கையை மறுத்தது. மாதம் ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபா விலையிருந்த மருந்தின் பொதுப்பெயர் வடிவம் பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், ஈரல், சிறுநீரகப் புற்றுகளுக்கான சொராஃபெனிப்பைத் தயாரிக்க ஹைதராபாத்தின் நற்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது; மாத விலை 2,80,428 ரூபாவிலிருந்து 8,880 ரூபாவாக இறங்கியது.

இந்தத் தீர்ப்புகளின் பயன் நமக்கும் வந்துசேர்ந்தது. இலங்கை தன் மருந்துகளில் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்தே வாங்குகிறது. பொதுப்பெயர் மருந்தை அரசே மொத்தமாக வாங்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்து, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக பிபிலவின் தொலைநோக்கு இலவச சுகாதார சேவையின் முதுகெலும்பாக இன்றும் நிற்கிறது. 2015இல் இமற்றினிப்பும் ட்ரஸ்ருசுமப்பும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்ததை நாம் கண்டோம். நாள் தவறாமல் எடுக்க வேண்டிய குளிசை நின்றால், அடங்கியிருந்த நோய் மீண்டும் எழும்.

சிகிச்சைக் காலத்தைக் குறைப்பதும் ஒரு வழி. 4,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட பிரித்தானியாவின் பெர்செபனி ஆய்வு, ட்ரஸ்ருசுமப்பை ஆறு மாதம் கொடுத்தாலும் பன்னிரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய நிகரான பலன் கிடைப்பதை 2019இல் காட்டியது. நான்காண்டு நோயின்றி இருந்தோர் முறையே 89.4, 89.8 சதவீதத்தினர். இதயப் பாதிப்பும் குறைந்தது. பணம் குறைந்த நாடுகள் இத்தகைய சான்றுகளை முன்வைத்துத் திட்டமிட வேண்டும்.

முடிவு

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. வடபுலத்து நோயாளிக்கு முதலில் வேண்டியது புதிதாக வந்த மருந்து அல்ல. பிழையற்ற, காலந்தாழ்த்தாத பரிசோதனை. பரிசோதனை சரியாக அமைந்தால் பழைய, மலிவான மருந்துகளே பல உயிர்களைக் காக்கும். அது பிழைத்தால் எவ்வளவு விலையான மருந்தும் வீண்.

முன்னுரிமைகளும் தெளிவானவை. மார்பகப் புற்றுநோய் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓமோன் வாங்கியும் ஹெர்2வும் பார்க்கப்பட வேண்டும். நாட்பட்ட மைலோயிட் வெண்குருதிப் புற்றுநோயில் பிசிஆர்-ஏபிஎல் அளவை ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டும். நுரையீரலின் சுரப்பிவகைப் புற்றில் ஈஜிஎஃப்ஆர் விகாரத்தைத் தேட வேண்டும். இந்த மூன்றும் நிலைபெற்ற பின்னரே ஏனையவை. இவற்றின் முதற்படிக்குப் பெரும் பணமும் தேவையில்லை. சத்திரசிகிச்சையில் எடுத்த மார்பக இழையத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் போதிய அளவு போமலினில் இட்டு, ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் வைத்திருந்தாலே வாங்கிப் பரிசோதனை நம்பத்தக்கதாகும். இந்த ஒழுங்கு தவறினால் வாங்கி இருந்தும் இல்லை என்று விடை வரலாம். வாழவைக்கும் குளிசை அப்பெண்ணுக்குக் கிடைக்காமற் போகலாம்.

நோயியல் ஆய்வுகூடங்களுக்கும் அவற்றின் பயிற்சிபெற்ற ஆளணிக்கும் உதவுவதே இன்று பயன்மிக்க கொடை என்று புலம்பெயர்ந்த உறவுகளிடம் சொல்ல விரும்புகிறேன். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், பரிசோதனை தெரியாது. ஆனால் சிகிச்சை தொடங்குவது அங்கேதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள்: இது எந்த வகை, எந்தப் புரதம் பரிசோதிக்கப்பட்டது, முடிவு என்ன? அந்த அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். தந்த குளிசையை, உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். வெற்றிலை போடும் பழக்கத்தை விடுங்கள். வாயில் இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ கண்டால் அன்றே பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.